மேடையில் தமிழ், காதில் மலாய்: வயர்லெஸ் டாக் பற்றி வாசகர் கேள்விகள்

சங்கக் கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் உடனடி மொழிபெயர்ப்புக் கருவிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் இதுபற்றி அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் கூட்டுறவுச் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் 150 பேருக்குக் கருத்தரங்கு நடத்துகிறது. பேச்சு தமிழில். 40 பேருக்கு மலாய், 20 பேருக்கு ஆங்கிலம் தேவை. வாடகைக் கடைக்காரர் “டாக்கோடு சேர்த்து எடுங்கள்” என்கிறார். டாக் எதற்கு? எத்தனை ரிசீவர் கேட்க வேண்டும்?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

டாக் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. முதலாவது, கேட்பவர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் ரிசீவர்களை வரிசையாகச் செருகி வைத்து சார்ஜ் ஏற்றும் பெட்டி. இரண்டாவது, ரிசீவர்களுக்கு ஒலியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைச் செருகியதும் அதை மண்டபத்தின் ஒலி அமைப்போடு இணைத்துவிடும் தாங்கி. மிக்சரிலிருந்து (எல்லா மைக் ஒலியையும் ஒன்று சேர்க்கும் கருவி) வரும் வயர் தாங்கியின் பின்பக்கம் நிரந்தரமாக இருக்கும். டிரான்ஸ்மிட்டரை வைத்தால் ஒலி போகும், எடுத்தால் நிற்கும், வைத்திருக்கும் நேரமெல்லாம் சார்ஜும் ஏறும். உங்களுக்கு இரண்டுமே வேண்டும். எது எத்தனை என்று பட்டியலில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சார்ஜ் பெட்டியை மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மிக்சரோடு இணைக்க வழியில்லாமல் காலையில் எல்லாரும் கையைப் பிசைந்து நிற்கும் நிலை பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் வருகிறது.

எண்ணிக்கைக்கு வருவோம். கேட்பவர் 60 பேர். பத்துக்கு ஒன்று உபரியாக 66 ரிசீவர் என்று கணக்கு வரும். ஆனால் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து மலாயில் கேட்டால், மலாய் பிடிபடாத தமிழ் முதியவருக்கு யார் சொல்வது? அவருக்கும் ரிசீவர் வேண்டும், தமிழுக்கும் ஒரு சேனல் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கூடுதல் ரிசீவருக்குக் காசில்லை என்றால், ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் ஒரு தரம் மைக்கில் திருப்பிச் சொல்லும் பொறுப்பை நிகழ்ச்சி நெறியாளரிடம் ஒப்படையுங்கள். இந்த முடிவை வாடகைப் பட்டியல் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இணைக்கும் முறையில்தான் முழுக் கவனமும் தேவை. மொழிபெயர்ப்பாளர் காதுக்குப் போகும் ஒலி கெட்டுப்போனால், அதற்குப் பிறகு எத்தனை விலையுயர்ந்த ரிசீவர் வைத்தும் பயனில்லை. அவர் கேட்காத சொல்லை யாராலும் மொழிபெயர்க்க முடியாது.

எல்லா மைக்கும், மடிக்கணினி ஒலியும் மிக்சருக்கு வரட்டும். மிக்சரில் ஒரு ஆக்ஸ் வெளியீட்டை (ஒலியைத் தனியே எடுக்கும் துணை வழி) மொழிபெயர்ப்பாளருக்கென்று ஒதுக்குங்கள். அது பிரீ-ஃபேடராக, அதாவது மண்டபச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரால் மாறாததாக, இருக்க வேண்டும். இல்லையென்றால், “சத்தம் அதிகம்” என்று யாரோ சொல்ல, ஒலி இயக்குபவர் ஃபேடரை இறக்கும்போது மொழிபெயர்ப்பாளரின் காதிலும் பேச்சு அமுங்கிவிடும். அந்த ஆக்ஸிலிருந்து அவருடைய ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வரை வயரிலேயே கொண்டுபோங்கள். அந்த ஒரு வழியில் வயர்லெஸ் வேண்டாம். கேட்பவர் ஒருவருக்கு ஒலி அறுந்தால் ஒருவருக்குத்தான் நஷ்டம். மொழிபெயர்ப்பாளருக்கு அறுந்தால் 40 பேருக்கு நஷ்டம். அவர் பேசும் மைக் தாங்கியில் உள்ள டிரான்ஸ்மிட்டருக்குப் போகட்டும். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று.

அடுத்தது அளவு. தாங்கியின் பின்னால் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மிக்சரிலிருந்து வரும் லைன் ஒலி ஏறக்குறைய 1.23 வோல்ட். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். லைன் ஒலியை மைக் நிலையில் விட்டால் குரல் கரகரவென்று உடையும். மைக்கை நேராகச் செருகி லைன் நிலையில் விட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, இரைச்சலுக்கு நடுவே, மெல்லக் கேட்கும். பேச்சாளரை வழக்கமான குரலில் பேசச் சொல்லி, மிக்சர் மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றி ஆடும்படி வையுங்கள். பிறகு தாங்கியின் விளக்கு பச்சையில் நின்று, உரத்த சொல்லுக்கு மட்டும் மஞ்சள் தொடும் அளவுக்குத் திருகுங்கள். அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

தாங்கியை மேடை மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு மேல், 2 மீட்டருக்குக் குறையாமல், ஸ்டாண்டிலோ சுவரிலோ இருக்கட்டும். அருகில் வைஃபை பெட்டி இருந்தால் இரண்டு மூன்று மீட்டராவது விலக்குங்கள். முதல் நாள் மாலை ஒரு ரிசீவரைக் காதில் மாட்டிக்கொண்டு நான்கு மூலைக்கும், வாசலுக்கும், தூணுக்குப் பின்னாலும் நடந்து பாருங்கள். காலி மண்டபத்திலேயே ஓர் இடத்தில் தடுமாறினால், மறுநாள் ஆட்கள் நிறைந்த பிறகு அங்கே நிச்சயம் அறுந்துபோகும்.

ரிசீவர் கொடுக்கும்போது ஈடாக மைகார்டை வாங்கி வைக்காதீர்கள். ஒருவருடைய அடையாள அட்டையைப் பிடித்து வைக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. ரிசீவரில் எண் ஒட்டி, பெயர், கைப்பேசி எண், கையெழுத்து என்று ஒரு பட்டியல் போட்டால் போதும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் மடிக்கணினியிலிருந்து காணொளி காட்டினோம். தாங்கியில் செருகினால் பின்னணி இசை கேட்கிறது, பேசுபவரின் குரல் மட்டும் காணோம். ஹெட்போனில் எல்லாம் சரியாக இருக்கிறது. மடிக்கணினி கெட்டுவிட்டதா?
— பட்டர்வொர்த் ஆசிரியை

மடிக்கணினி நன்றாக இருக்கிறது, வயர்தான் தவறு. ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் பிளக், மறுபக்கம் மூன்று முள் உள்ள ஒரே ஓர் எக்ஸ்எல்ஆர் பிளக் என்று ஒரு வயரைப் பயன்படுத்தியிருப்பீர்கள்.

மடிக்கணினியின் பிளக்கில் முனை இடது ஒலி, நடு வளையம் வலது ஒலி. எக்ஸ்எல்ஆரில் 2-ஆம் முள் நேர், 3-ஆம் முள் எதிர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கருவி ஒலியாக எடுத்துக்கொள்ளும். வயரில் வரும் இரைச்சலைக் கழிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்த வயரைப் போட்டால் கருவி இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். காணொளிகளில் பேச்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவாகியிருக்கும். ஒன்றிலிருந்து அதே ஒன்றைக் கழித்தால் பூஜ்யம்தானே? இசை இரு பக்கமும் வேறுபடுவதால் மிச்சம் நிற்கிறது.

சந்தேகமிருந்தால் மடிக்கணினியின் ஒலி அமைப்பில் மோனோவை (இடதிலும் வலதிலும் ஒரே ஒலி) போட்டுப் பாருங்கள். இசையும் சேர்ந்து மறைந்தால் நோய் இதுதான். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சமாளிக்க வேண்டுமென்றால், மோனோவை எடுத்துவிட்டு, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள். வலது பக்கம் மௌனமானால் கழிக்க ஒன்றுமிருக்காது, குரல் உடனே வந்துவிடும்.

நிரந்தரத் தீர்வுக்கு, 3.5 மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மோனோ பிளக்காகப் பிரியும் வயர் வாங்கி மிக்சரின் இரண்டு சேனலில் செருகுங்கள். மிக்சரில் ஒரே இடம்தான் மிச்சமென்றால், இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாகச் சேர்க்கும் டிஐ பெட்டி வேண்டும். சாலிடர் தெரிந்தவர் பள்ளியில் இருந்தால் இடதிலும் வலதிலும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளை 2-ஆம் முள்ளில் சேர்த்து, 3-ஆம் முள்ளை 1-ஆம் முள்ளோடு சேர்த்து ஒலி வயரின் உறையில் இணைக்கலாம். ரெசிஸ்டர் இல்லாமல் இடது வலது வயர்களை நேராக முறுக்கிவிடாதீர்கள். இரண்டு ஒலிச்சுற்றும் ஒன்றையொன்று தள்ளும், ஒலியும் உடையும்.

புரொஜெக்டரையும் மடிக்கணினியையும் இணைத்தவுடன் எல்லா ரிசீவரிலும் “ம்ம்ம்” என்று ஒரே இரைச்சல். பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றினால் நின்றுவிடும் என்கிறார்கள்.
— செந்தூல் வாசகர்

எர்த் முள்ளைத் தொடவே தொடாதீர்கள். மின்கசிவு வந்தால் மைக்கைப் பிடித்திருக்கும் பேச்சாளரின் உடல்தான் எர்த்தாகிவிடும்.

இது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல். மடிக்கணினி ஒரு சாக்கெட்டில், மிக்சர் இன்னொரு சாக்கெட்டில் இருக்க, இரண்டும் எர்த் வழியாகவும் ஒலி வயரின் உறை வழியாகவும் சேர்ந்து ஒரு வட்டமாகிவிடுகிறது. மடிக்கணினியின் சார்ஜரை உருவிப் பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் நின்றால் வட்டம் அந்த வழியாகத்தான். மடிக்கணினி, புரொஜெக்டர், மிக்சர், தாங்கி எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். பாதி இடங்களில் இதுவே போதும். போதாவிட்டால் ஒலி வயரின் நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடுங்கள். அதனூடே ஒலி போகும், எர்த் தொடர்பு போகாது. பூடு ஜாலான் பாசார் உதிரிப் பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கைக்குள் அடங்கும் சாமான். வாடகைக்கு எடுப்பவர்கள்கூட இதில் ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஜார்ஜ்டவுனில் பயணிகளை நடையாக அழைத்துச் செல்கிறோம். பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 20 மீட்டரிலேயே ஒலி அறுகிறது. கோயில் பக்கம் போனால் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
— பினாங்கு வழிகாட்டி

அந்த 100 மீட்டர் தடையே இல்லாத திடலில், நேர்ப் பார்வையில் கிடைப்பது. உங்கள் கருவி 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வகை என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான். தண்ணீர் அதை விழுங்கும், மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர்தான். நீங்கள் முன்னால் நடக்கிறீர்கள், டிரான்ஸ்மிட்டர் வயிற்றுப் பக்கம் பெல்ட்டில் இருக்கிறது, கூட்டம் முதுகுக்குப் பின்னால் வருகிறது. அதாவது, முதல் சுவரே உங்கள் உடல். டிரான்ஸ்மிட்டரை முதுகுப் பக்கம், தோளுக்கு அருகே மாட்டுங்கள். பைக்குள் சாவிக்கொத்தோடு போடாதீர்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

அஞ்சடியில் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) நடக்கும்போது கனத்த தூண்களும் பழைய கடைவீட்டுச் சுவர்களும் குறுக்கே வரும். மூலை திரும்பும் முன் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு திரும்புங்கள். இரு பக்கமும் கடைகள் நிறைந்த தெருவில் ஒவ்வொரு கடையின் வைஃபையும் இதே அலைவரிசையில்தான் பேசுகிறது. கருவியில் சேனல் மாற்ற வழியிருந்தால் புறப்படும் முன் தெருவிலேயே இரண்டு மூன்றை மாற்றிக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் சோதிப்பது உதவாது. எதிரே இன்னொரு குழு அதே கருவியோடு வந்தால் குழு எண்ணையும் மாற்ற வேண்டும்.

மேளச் சத்தத்துக்கு மருந்து வால்யூமைக் கூட்டுவதல்ல. கூட்டினால் மேளமும் சேர்ந்து கூடும். மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் உங்கள் குரல் 6 டெசிபல் ஏறும், மேளம் அப்படியே இருக்கும். சட்டையில் 20 சென்டிமீட்டர் தள்ளிக் குத்திய மைக்கை எடுத்துவிட்டு, வாயோரம் 2.5 சென்டிமீட்டரில் நிற்கும் ஹெட்செட் மைக்கைப் போட்டால் 18 டெசிபல் லாபம். லெபோ குவீனில் 1833-இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் வாசலில் பூசை நேரத்தில் நின்று பேசுபவருக்கு இந்த 18 டெசிபல்தான் சோறு போடும். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், மூச்சு அடிக்கும். உதட்டோரம், நுரை உறையோடு இருக்கட்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரிசீவர்களில் பாதி இப்போது டாக்கில் வைத்தால் சார்ஜ் ஏறுவதில்லை.
— பாயான் லெப்பாஸ் வாசகர்

பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் முள்ளைப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றும் கைவியர்வையின் உப்பும் சேர்ந்து தொடுமுனைகளில் மங்கலான படலம் படியும். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் டாக், ரிசீவர் இரண்டையும் துடையுங்கள். ஸ்பிரிங் முள் ஒவ்வொன்றையும் குச்சியால் அழுத்தி விடுங்கள், திரும்ப எழும்பாத முள்தான் குற்றவாளி. அழிரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், ஆனால் தங்கப்பூச்சும் சேர்ந்து போய்விடும்.

டாக்குக்கு உரிய அடாப்டர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு குழிக்கு 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றால் 2.5 வாட். 36 குழிக்கு 90 வாட் வேண்டும். கையில் கிடைத்த 60 வாட் அடாப்டரைச் செருகினால் சில குழிகள் ஏறும், சில ஏறாது, எல்லாம் சூடாகும். உங்கள் “பாதி” இப்படியும் வந்திருக்கலாம்.

ரிசீவர் ஏஏ பேட்டரி வகை என்றால் ஓர் எச்சரிக்கை. சாதாரண அல்கலைன் பேட்டரியைப் போட்டு டாக்கில் வைத்தால் ரசாயனம் கசிந்து உள்ளே அரித்துவிடும். 1.2 வோல்ட் என்று அச்சிட்ட ரீசார்ஜ் பேட்டரி மட்டும் போடுங்கள். லித்தியம் வகையென்றால், வருடத்துக்கு நான்கு கூட்டம் நடத்தும் அமைப்புகள் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். முழுவதும் தீர்ந்த நிலையில் அலமாரியில் தூங்கும் பேட்டரிதான் சீக்கிரம் சாகிறது. வெயிலில் நிறுத்திய காரின் பின்புறச் சாமான் அறையில் பெட்டியை விடாதீர்கள். சூடாக வந்த ரிசீவரை உடனே சார்ஜில் போடவும் வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தில் சார்ஜ் ஏற்றக்கூடாது.

இதற்கெல்லாம் ஏன் செலவு? எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே, புளூடூத்தில் கேட்க முடியாதா?
— கெப்போங் வாசகி

சாதாரண புளூடூத் ஒருவருக்கு ஒருவர் பேசும் முறை, மண்டபத்துக்கு ஆகாது. ஒலியும் பல சமயம் 150 மில்லி விநாடிக்கு மேல் பிந்தி வரும். 2022-இல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் என்ற புளூடூத் முறை ஒரே ஒலியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பரப்பும், ஆனால் கேட்பவர் ஒவ்வொருவரின் கருவியும் அதை ஏற்க வேண்டும். வைஃபை வழியாகக் கைப்பேசிச் செயலியில் கேட்பது நடைமுறையில் உண்டு. 100 கைப்பேசியைத் தாங்கும் வைஃபை, பார்வையாளர் கையில் இயர்போன், பேட்டரியில் சார்ஜ் மூன்றும் இருக்க வேண்டும். இளையோர் கூட்டமென்றால் முயலலாம். முதியோர் நிறைந்த ஆண்டுக் கூட்டத்துக்கு, ஒரே பொத்தான் உள்ள ரிசீவர்தான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பழைய யுஎச்எஃப் வயர்லெஸ் மைக் செட் ஒன்று சங்கத்தில் இருக்கிறது. இதனோடு சேர்த்துப் பயன்படுத்தலாமா?
— பிறை வாசகர்

பின்பக்கம் அச்சிட்ட அலைவரிசையைப் பாருங்கள். 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 700-களில் இருந்தால் ஒதுக்கி வையுங்கள். அந்தப் பகுதி இப்போது கைப்பேசிச் சேவைக்கு உரியது. உங்களுக்கும் இடைஞ்சல், நீங்கள் மற்றவருக்கும் இடைஞ்சல். புதிதாக வாங்கும் எந்த வயர்லெஸ் கருவியிலும் சிரிம் சான்றோடு வரும் எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இணையத்தில் மலிவாக வரும் வெளிநாட்டுப் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் ஜூமில் பேசினார். தம் குரலே திரும்பித் திரும்பிக் கேட்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டார்.
— பங்சார் வாசகர்

மிக்சரின் மொத்த வெளியீட்டை அப்படியே ஜூமுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதில் அவருடைய குரலும் இருக்கும், அது அவருக்கே திரும்பிப் போகும். ஜூமுக்கென்று தனி ஆக்ஸ் ஒன்றை எடுத்து, அதில் மண்டப மைக்குகளை மட்டும் ஏற்றி, ஜூம் வரும் சேனலின் திருகை முழுவதும் இறக்கிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரின் ஆக்ஸிலோ இதற்கு நேர்மாறாக ஜூம் சேனல் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு ஆக்ஸையும் மாற்றிப் போடாமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். பேராசிரியரிடம் யுஎஸ்பி ஹெட்செட் அணியச் சொல்லுங்கள். மடிக்கணினியின் உள் மைக்கில் அறை எதிரொலியோடு வரும் பேச்சை மொழிபெயர்ப்பது மிகக் கடினமான வேலை.

மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதுமா? மொழிபெயர்ப்பாளர் பூத் (சத்தம் தடுக்கும் சிற்றறை) வாடகை அதிகம், மேடை ஓரம் உட்காரவைக்கலாமா?
— கோலாலம்பூர் ஏற்பாட்டாளர்

போதாது. கேட்டுக்கொண்டே பேசுவது மூளையைப் பிழியும் வேலை. ஒரு மொழிக்கு இருவர் உட்கார்ந்து, 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வதே உலக வழக்கம். ஒருவரையே வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சொற்கள் விடுபடத் தொடங்கும். காசு மிச்சப்பட்டதாகத் தெரியும், கேட்க வந்தவர் பாதிப் பேச்சை இழந்திருப்பார்.

மேடை ஓரம் வேண்டாம். ஒலிபெருக்கியின் சத்தம் அவர் மைக்கிலும், அவர் குரல் முன்வரிசையிலும் கலக்கும். இருவர் அமரும் நகர்த்தக்கூடிய பூத்துக்கு உலகத் தர அளவு அகலம் 1.6 மீட்டர், ஆழம் 1.6 மீட்டர், உயரம் 2 மீட்டர். அது முடியாவிட்டால் மூன்று பக்கம் மறைத்த மேசைத் தடுப்பாவது வையுங்கள். மண்டபத்தின் பின்புறம், ஒலிபெருக்கிகளுக்கு விலகி, பேச்சாளரின் முகமும் திரையும் நேராகத் தெரியும் இடத்தில் போடுங்கள். குளிர்சாதனக் காற்று மைக்கில் விழக்கூடாது. மைக்கைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை மேடையில் தடை செய்யுங்கள். அந்த ஒரு தட்டு ஹெட்போன் அணிந்தவரின் காதில் வெடியாக விழுகிறது, காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் திடீர்ச் சத்தத்தை அடக்கும் லிமிட்டர் இருக்கிறதா என்று வாடகைக் கடையில் கேளுங்கள்.

பேச்சுத் தாள், திரையில் காட்டும் பக்கங்கள், பெயர்கள், தொகைகள் எல்லாவற்றையும் மூன்று நாளுக்கு முன் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். எந்தக் கருவியை விடவும் இது பயன் தரும்.

பேச்சாளர் வேகமாகப் போனால் என்ன செய்வது? 1945-இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையில் நான்கு மொழிகளுக்கு உடனடி மொழிபெயர்ப்பு நடந்தது. அங்கே பேசுபவர் முன் இரண்டு விளக்குகள் வைத்திருந்தார்கள். மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் பேச வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். உங்களுக்கு விளக்கு வேண்டியதில்லை. முன்வரிசையில் ஒருவர் கையில் மஞ்சள் அட்டை கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கையசைத்ததும் அவர் அதைத் தூக்கிக் காட்டட்டும். அட்டையின் பொருளைப் பேச்சாளரிடம் மேடையேறும் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் நேரம் முடிந்தது என்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசுவார்.